அம்மா வாங்கிய மார்க்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ உடம்பும் மனசும் தெம்பாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வேலை செய்யும் இடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று வழக்கம்போல ஒரே வரியில் முடித்துவிடத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டதால் அந்த வரியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். நான் நலம், உன் அம்மா நலமாகிக்கொண்டு வருகிறாள். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் காகிதத்தைத் தேடி எடுத்தான் என்று நீ யோசிப்பாய். போனை உன் அம்மா மேஜைக்கு நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் மேஜைக்கு அடியில் என் காலை மிதிக்கிறாள். அதுவும் இதயத்துக்கு ஒட்டுப்போட ரத்தக்குழாய் வெட்டி எடுத்தார்களே, அந்தக் காலாலேயே மிதிக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன், பதறாதே, அவளுக்கு இன்று உடற்பயிற்சி வகுப்பு. கூடத்துக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அதில் அவளுடைய சால்வை, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாவற்றுக்கும் காவலாக நான். எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே ஆறேழு பேர், எல்லோரும் நெஞ்சு திறந்து தைக்கப்பட்டவர்கள், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. உன் அம்மா ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறாள். பக்கத்துச் சைக்கிளில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர், அவர் கூடம் முழுக்கத் தனக்குத்தான் வழிவிட வேண்டும் என்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு மிதிக்கிறார். சொல்லித்தருகிற பிசியோ பெண் முதல் நாளே எல்லோரிடமும் ஒன்று சொல்லிவிட்டாள், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், அதனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடங்கள் என்று. மற்றவர்கள் மருமகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசுகிறார்கள். உன் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா, பதினாறாம் வாய்ப்பாடு. தடுமாறாமல் கடைசிவரை சொல்ல முடிந்தால் வேகம் சரி, நடுவில் மூச்சு முட்டினால் ஒரு புள்ளி குறைக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவளுக்கு வேறு என்ன பேச வரும். போன வாரத்திலிருந்து அந்த டிரைவரும் கூடச் சேர்ந்து சொல்கிறார், தப்பாகச் சொன்னால் இவள் நடந்துகொண்டே திருத்துகிறாள். அந்த மனுஷனுக்கு இதயம் தேறுகிறதோ இல்லையோ, கணக்கு தேறிவிடும்.

நீ ஊரிலிருந்து போன பிறகு நடந்தவை எல்லாம் உனக்குப் போனில் தெரிந்தவைதான், இருந்தாலும் சொல்கிறேன். நெஞ்சுத் தையல் நன்றாக ஆறிவிட்டது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமுகிறாள், நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் காலால்தான் எழுகிறாள், கனமான எதையும் தூக்க விடுவதில்லை, வாளியையும் குக்கரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கால் புண்தான் கணுக்கால் பக்கத்தில் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. சர்க்கரை அடங்கினால்தான் அது சீக்கிரம் மூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சுகர் இருப்பது நம் வீட்டில் பழைய சமாச்சாரம், இத்தனை வருஷம் ஒரு மாத்திரையோடு சும்மா கிடந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு தலைவிரித்து ஆட ஆரம்பித்து ஊசி போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. நடை இதயத்துக்கும் நல்லது, சர்க்கரையையும் இறக்கும். ஆனால் ஊசியும் போட்டுக்கொண்டு நடக்கவும் நடந்து, அதற்கேற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அதுவும் ஆபத்து. எனக்கு இது என் தொழிலில்தான் புரிந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக நான் எத்தனை லிஃப்டைப் பார்த்திருப்பேன், மாடித் தரைக்குச் சமமாக வந்து நிற்பதுதான் அதற்கு அழகு. தரைக்கு மேலே நின்றாலும் கால் தடுக்கும், கீழே நின்றாலும் தடுக்கும். கீழே போய் நிற்கிற லிஃப்டைப் பார்த்து, ஆகா எவ்வளவு அருமையாக இறங்கியிருக்கிறது என்று யாரும் கைதட்டமாட்டார்கள். நாம் கைதட்டினோம் பாப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ சாயந்திரம் கூப்பிடுவாய் அல்லவா, கூப்பிட்டதும் ஹலோவுக்கு அடுத்த வார்த்தை, இன்னைக்கு எவ்வளவு என்பதுதான். அதில் ஒரு தப்பும் இல்லை, அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு நம்பராவது வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்கிற அந்த ஒரு நொடி உன் அம்மா முகத்தை நீ பார்த்ததில்லை, நான் பார்த்தேன். நீ சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்குள் அவள் உன்னை மார்க் எவ்வளவு என்று கேட்பாளே, அப்போது நீ ஒரு காலில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்ப்பாயே, அதே முகம். நம்பர் நன்றாக இருந்தால் உடனே சொல்வாள். அதிகமாக இருந்தால் முதலில் உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள், மழையைப் பற்றிக் கேட்பாள், அப்புறம் மெதுவாக. எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்தது, ஊரார் பிள்ளைகளையெல்லாம் மார்க் கேட்டே நடுங்கவைத்தவளுக்கு இப்போது ஒரு சொட்டு ரத்தம் மார்க் போடுகிறதே என்று கிண்டல்கூடச் செய்தேன். அப்புறம்தான் நீ அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாய். மூன்று நாளாக இருநூற்றுக்கு மேலேயே நிற்கிறது என்று அவள் சொன்னதும் நீ, இப்படியே போனால் அடுத்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், பாலத்தை வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டும் என்றாய். பாசத்தில் சொன்னதுதான். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் அம்மா எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து நம்பர் இறங்க ஆரம்பித்தது. நூற்று எழுபது, நூற்று ஐம்பது, ஒரு நாள் நூற்றுப் பத்து. நீ அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கத்தினாய், இந்தப் பக்கம் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் என் சமையலின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அடுப்புப் பக்கமே போகாத மனுஷன், காயை வேகவைத்து, முட்டையை அவித்து, ரொட்டியை அளந்து வைத்து ஒரு பெண்டாட்டியைக் காப்பாற்றிவிட்டான் என்று கீழ்மாடிவரை சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் ஒரு விஷயம் மட்டும் புதிதாக இருந்தது, சமையலறை ஜன்னலுக்குப் புறாக்கள் வர ஆரம்பித்தன. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டமே. மத்தியானம் ஆனால் டாண் என்று வந்து உட்காரும். மேலே லிஃப்ட் மோட்டார் அறையில் கூடு கட்டியிருக்கும், வலை அடிக்க வேண்டும் என்று நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்த் தேடினேன், ஒரு கூடும் இல்லை. உன் அம்மாவிடம் சொன்னபோது, பாவம் வந்துட்டுப் போகட்டுமே என்றாள். புறாவுக்கு இவள் இரங்குகிறாளே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அளந்து வைத்த ரொட்டியில் பாதி அந்த ஜன்னல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊசி மட்டும் முழு அளவு. சாப்பாடு பாதி. அது போதாது என்று நான் கடைக்கோ வேறெங்கோ போகிற நேரம் பார்த்து, மாடிப்படியில் ஏறி இறங்கி, நம்பரை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறாள். படி ஏறுவதானால் கூட ஆள் இல்லாமல் ஏறக் கூடாது என்று பிசியோ பெண் ஆயிரம் தடவை சொல்லியும்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி, முடிவு நல்லதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு சாயந்திரம், இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று என் பழைய கூட்டாளி போன் செய்தான். அவனுக்கு அது தெரியாத வேலை இல்லை, ஆனால் கூப்பிட்டால் எனக்குப் போகாமல் இருக்க முடியாது, உனக்குத் தெரியுமே. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன், போயிட்டு நிதானமா வாங்க என்று வழக்கத்துக்கு மாறாக இனிமையாகச் சொன்னாள். வேலை சட்டென்று முடிந்துவிட்டது. திரும்பி நம் கட்டடத்துக்கு வந்தால், இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் அலமாரி ஏற்றுகிறோம் என்று லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கதவை அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அவர்களிடம் ஒரு பாட்டம் பாடிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியில் ஏறினேன். நான் வாழ்நாள் முழுக்க மனுஷர்கள் படி ஏறக் கூடாது என்று பாடுபட்டவன், என்னைப் படி ஏற வைத்துவிட்டார்களே என்று எரிச்சல். அந்த அலமாரிக்கு நான் இப்போது கோயில் கட்டவும் தயார். லிஃப்ட் சும்மா இருந்திருந்தால் நான் அதிலேயே நம் மூன்றாம் மாடிக்குப் போயிருப்பேன், கதவைத் திறந்து டீச்சர் எங்கே என்று வீடு முழுக்கத் தேடியிருப்பேன், அவள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் களைப்பாறுகிறாள் என்றுதான் நினைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில், "ஏன் லேட்டு? ஹோம்வொர்க் நோட்டு எங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன் பாப்பா. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். கிட்டே போனால் நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் வேர்த்துக் கொட்டி உடை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண் என்னைப் பார்க்கிறது ஆனால் நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. என் சட்டைப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கும், உன் அம்மா அதற்காக என்னைக் கிண்டல் செய்வாள், அன்றைக்குப் பார்த்து அது வேறு சட்டையில். இரண்டாம் மாடித் தையல்காரம்மா கதவைத் தட்டினேன், தட்டினேன் என்ன, இடித்தேன். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, கழுத்தில் தொங்குகிற டேப்போடு ஓடிவந்து டம்ளரில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்துவிட்டாள். விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, சிறிது சிறிதாகப் புகட்டினோம். நான் மேலே ஓடி மெஷினை எடுத்துவந்து பார்த்தால் நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டு நான் என்னென்ன நினைத்தேன் என்று உனக்கு எழுதமாட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணில் வெளிச்சம் வந்தது, என்னை அடையாளம் தெரிந்தது, உடனே அவள் செய்த முதல் வேலை, நனைந்த உடையைப் பார்த்து வெட்கப்பட்டு, தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேனே, அப்போது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அது பொய், மன்னித்துக்கொள்.

அங்கே சுகர் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவசரமே படாதவள். நாற்பத்தெட்டுக்கு வந்த கதையைக் கேட்டாள். உன் அம்மா, எப்பவும்போலத்தான் சாப்பிட்டேன், எப்படின்னே தெரியல என்று சாதித்தாள். நர்ஸ் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதயத்துக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை படபடப்பை மறைத்துவிடும், சர்க்கரை இறங்கினால் உங்களுக்கு வேர்வை மட்டும்தான் எச்சரிக்கை கொடுக்கும், அதையும் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொன்னாள். அதற்கும் உன் அம்மா அசையவில்லை. நான்தான் புறாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, நர்ஸுக்கும் விளங்கிவிட்டது. அவள் திட்டவில்லை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை காப்பி அடித்து மார்க் வாங்கினால் அதற்கு அடுத்து என்ன பாடம் சொல்லித்தருவது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர், நீங்கள் சொன்ன நம்பரை நம்பித்தானே டாக்டர் ஊசி அளவை அப்படியே வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பிள்ளைகளை உன் அம்மா என்ன பாடு படுத்தியிருப்பாள், உனக்குத் தெரியாதா, நீயும் பட்டிருக்கிறாய். அப்படிப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் போன பிறகு நான் கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். என்ன அப்படி ஒரு நம்பர் வேண்டிக்கிடக்கிறது, யாருக்குக் காட்ட, என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவ வேலைய விட்டுட்டு வந்துடுவா. சொன்னா செய்யிறவ. அந்தப் பாலத்துல அவ நிக்கிறத நெனச்சுக்கிட்டுத்தான் நான் ஆபரேஷனுக்கே கண்ண மூடினேன்."

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், என்னால்தானே என்று தலையில் அடித்துக்கொள்வாய். வேண்டாம் பாப்பா. உன்னால் இல்லை. நீ அங்கிருந்து பாசத்தில் ஒரு வார்த்தை சொன்னாய், அவள் இங்கிருந்து பாசத்தில் ஒரு தில்லுமுல்லு செய்தாள், நடுவில் நான் என் சமையலை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அவளைப் படியில் உட்காரவைத்தோம். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பொய் இல்லாத கடிதம் என்று சொல்லிவிட்டேனே. நீ வந்துவிடுகிறேன் என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நான் பயந்துபோயிருக்கிறேன். ஊசி அளவைச் சரிபார்க்கும்போது கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக்கொள்கிறேன், அவள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டால் வெளியே நின்று ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். நீ இருந்தால் எனக்குப் பாதி பாரம் குறையும். இவ்வளவும் இருந்தும் சொல்கிறேன், வேலையை விட்டுவிட்டு வராதே. லீவு கிடைக்கும்போது பார்க்க வா, வந்து நாலு நாள் இருந்து என் சமையலைச் சாப்பிட்டு அவதிப்பட்டுவிட்டுப் போ. இரண்டு கரையிலிருந்தும் பாலத்தைக் கட்டிக்கொண்டு வருகிறீர்களே, அது நடு ஆற்றில் சேருகிற நாளில் நீ அங்கே இருக்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில் உன் அம்மா அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லாத ஆள் கிடையாது, தரை துடைக்கிற பெண்ணுக்குக்கூட அது எத்தனை தூண் என்று தெரியும். போனில் கூப்பிட்டால் எடுத்ததும் நம்பரைக் கேட்காதே. என்ன சாப்பிட்டாய், எங்கே நடந்தாய், வழியில் யாரைப் பார்த்தாய் என்று கேள். டிரைவர் எத்தனையாம் வாய்ப்பாட்டில் இருக்கிறார் என்று கேள். நம்பர் தானாக வரும்.

இதுவரை எழுதி மடிப்பதற்குள் வகுப்பு முடிந்து உன் அம்மா வெளியே வந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள். என்ன எழுதறீங்க என்றாள், கரண்ட் பில் கணக்கு என்றேன், இவ்வளவு நீளத்துக்கா என்று வாங்கிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். நான் அந்த நேரம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கிழித்துப் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். படித்து முடித்து, நான் குளியலறைக்கு வெளியே நிற்கிறேன் என்று எழுதிய இடத்துக்குத் திரும்பப் போய் அதை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். பஸ்ஸில் வரும்போது என் கையின்மேல் கையை வைத்துக்கொண்டு வந்தாள், நாங்கள் இரண்டு பேரும் இந்த வயதில் பஸ்ஸில் அப்படி உட்கார்ந்து வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. இறங்குகிற இடம் வரும்போதுதான் பேசினாள். "எழுதிக்குங்க. அந்த வேல பிடிக்கலைன்னா விடட்டும், நான் கேக்கமாட்டேன். என் ரத்தத்தக் காரணம் காட்டி விடக் கூடாது. நான் இனிமே நெஜத்தத்தான் சொல்வேன், கேட்டுட்டு அவ தைரியமா இருக்கணும். அதுதான் ஒப்பந்தம்." சொன்னபடி எழுதிவிட்டேன், ஒரு எழுத்து மாற்றவில்லை.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் எழுதுகிறேன். ஊசியின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார், நடைக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், குறைவாக இருந்தால் ஒரு பழமோ ரொட்டித் துண்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மத்தியானம் நான் வைத்த தட்டை அவள் முழுசாகக் காலி செய்வதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன், ரொட்டி சவக் சவக் என்று இருக்கிறது, புறாக்கள்தான் பாவம் என்றாள். சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் இருவருமாகப் படியில் ஒரு மாடி இறங்கி ஏறினோம். அந்தத் திருப்பம் வந்தபோது அவள் நின்றாள், நானும் நின்றேன், தையல்காரம்மா வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு ஏறிவிட்டோம். தையல்காரம்மா இப்போது நாங்கள் படியில் பேசுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறாள். புறாக்கள் இன்றைக்கும் வந்து ஜன்னலில் உட்கார்ந்து எங்களை முறைத்துவிட்டுப் போயின. கொஞ்ச நாளில் மறந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலைக் குத்திப் பார்த்தாள். மெஷினை என்னிடம் நீட்டவில்லை, தானே படித்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் அந்தக் கடிதத்தை இப்படிக் கொடுங்க என்றாள். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் உன் ரேங்க் கார்டில் ஒரு தடவைகூட அவள் கையெழுத்துப் போட்டதில்லை, மார்க் கேட்கிறவளே கையெழுத்தும் போடக் கூடாது என்பாள், நான்தான் போடுவேன். நீ குறைவாக வாங்கின மாதம் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்காருவாய், நான் நம்பரைப் பார்க்காத மாதிரி போட்டுக் கொடுப்பேன், நினைவிருக்கிறதா. அதனால் கீழே அவள் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் சரி, கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடு. அனுப்பும்வரை என்னைத் தொணதொணப்பாள்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும், உன் கால் பதிகிற இடமெல்லாம் உறுதியாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. மறக்காமல் இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், அவசரம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது அல்லவா.

என்றும் உன் நினைவில்,
அப்பா

இன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்: 196. சாப்பிட்டது நிஜம். நடந்தது நிஜம். குறைவாக வாங்கப் பார்க்கிறேன், முறையாக.

பெற்றோர் கையெழுத்து: ..............................